கிண்டிலில் ஏழாண்டுகள், ஒன்பது காதல் நாவல்கள்: சிங்கப்பூரிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

என் முதல் காதல் நாவலை 2018ஆம் ஆண்டின் இறுதியில், பதிப்பகம் எதையும் நாடாமல், அமேசானின் கிண்டில் மின்னூல்களுக்கான கேடிபி என்ற சுயவெளியீட்டுத் தளத்தில் நானே பதிவேற்றினேன். அதற்கு முன்பு அது இணையத்தில் தொடராக வந்துகொண்டிருந்த கதை, "அக்கா, அடுத்த யூடி (புதிய அத்தியாயம்) எப்போ?" என்று கேட்டுக்கேட்டே என்னை முடிவுவரை எழுத வைத்தவர்கள் அதன் வாசகிகள். இதுவரை என் பெயரில் ஒன்பது மின்னூல்கள் வெளிவந்திருக்கின்றன. பகலில் ஜூரோங் ஈஸ்ட்டில் கணக்காளர் வேலை, இரவு ஒன்பதரைக்குமேல் எழுத்து என்பதே ஏழாண்டுகளாக என் வழக்கம். இந்தப் பாதையில் இறங்கலாமா என்று கேட்கும் தோழிகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கிண்டிலில் தமிழுக்கு இடம் கிடைத்தது 2016 டிசம்பரில். பதிவேற்றும் வேலை கடினமானதன்று. யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பும் 1600க்கு 2560 படப்புள்ளி அளவில் ஓர் அட்டைப்படமும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆனால் என் முதல் நாவலின் பாதியைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியிருந்தேன். நாயகியின் கொலுசொலியைக் கேட்டு நாயகன் திரும்பிப் பார்க்கும் காட்சியில், "கொலுசு" என்ற சொல்லின் கொம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைத்திருந்தது. ஈப்போவிலிருந்து ஒரு வாசகி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்றுமுதல், ஒவ்வொரு நூலையும் வெளியிடுவதற்கு முன்னர் கைப்பேசியிலும் பலகைக் கணினியிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பார்க்கிறேன்.

வருமானத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் விற்கும் படிகளுக்கு 70 விழுக்காட்டு உரிமத்தொகை வேண்டுமென்றால், நூலைக் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்து, 90 நாள்களுக்கு மின்வடிவில் வேறெங்கும் வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 35 விழுக்காடுதான். செலக்டில் சேர்ந்த நூல் கிண்டில் அன்லிமிடெட் என்ற வாசிப்புத் திட்டத்தின் சந்தாதாரர்களுக்கும் திறந்துவிடப்படும், அவர்கள் வாசிக்கும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நமக்குப் பணம் வரும். என் வாசகர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பதால் அந்தப் பணம் பக்கத்துக்கு இத்தனை பைசா என்ற கணக்கில்தான் சேர்கிறது. அமெரிக்க வருமானத்திலோ, சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தம் இல்லாத காரணத்தால், 30 விழுக்காடு அங்கேயே பிடிக்கப்படுகிறது. மீதமும் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்கள் கழித்தே கைக்கு வருகிறது. அட்டைப்படத்துக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் கொடுத்ததுபோக ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் அளவுக்கு மிஞ்சுகிறது. வேலையை விடும் எண்ணத்தோடு இதில் யாரும் இறங்க வேண்டாம்.

ஆயினும் அந்தப் பைசாக் கணக்குதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது. என் மூன்றாவது நாவலுக்குக் கணக்கிடப்பட்ட பக்கங்கள் 340. கூட்டம் இல்லாத நாள்களில், ஒருவரோ இருவரோ மட்டும் வாசிக்கும்போது, அன்றாட வாசிப்பு எண்ணிக்கையைக் கொண்டே அவர்கள் எங்கே நின்றார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒரு நாள் 118, இன்னொரு நாள் 121, பிறகு 116 என்று வந்தது. இடையிடையே ஒன்றுமே இல்லை. நாவலைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். நாயகி கயல் நாயகனின் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தியைக் கண்டு, தவறாகப் புரிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் வெளியேறுகிறாள். அடுத்த ஒன்பது அத்தியாயங்களுக்கு அவள் ஈசூனிலும் அவன் பொங்கோலிலும் தனித்தனியே அழுகிறார்கள். ஒரே பேருந்தில் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் இருவர் ஏன் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாசகிக்கும் அது தோன்றியிருக்கிறது, புத்தகத்தை மூடிவிட்டார்.

அந்த ஒன்பது அத்தியாயங்களையும் எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். புதிய வடிவில் கயல் அன்றிரவே அவனிடம் கேட்டுவிடுகிறாள், அவனும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். இருவரும் சேர்ந்து பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவின்பேரில் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீடு) விண்ணப்பித்து, வரிசை எண்ணும் கிடைத்து, வீட்டையும் தேர்ந்தெடுத்துவிட்ட நிலையில், அவன் தன் அம்மாவைத் தனியே விட்டுவர முடியாது என்று இப்போதுதான் வாய்திறக்கிறான். வீட்டை விட்டுக்கொடுப்பதா, அவனை விட்டுக்கொடுப்பதா என்பது இந்த ஊரில் காதலிக்கும் எவருக்கும் புரியும் சிக்கல். திருத்திய பதிப்பை ஏற்றிய பிறகு 340ஐ ஒட்டிய எண்கள் அடிக்கடி வரத் தொடங்கின. இன்றும் அந்த நாவலுக்குத்தான் அதிகக் கடிதங்கள் வருகின்றன, பலவும் சாவிக்காகக் காத்திருக்கும் பெண்களிடமிருந்து.

இதற்கு நேர்மாறான அனுபவமும் ஒன்று உண்டு. கட்டாயத் திருமணமும் ஆன்டி ஹீரோவும் ஓடுகிற காலம் என்று பலர் சொன்னதைக் கேட்டு, ஐந்தாவது நாவலில் நாயகியை அறைந்துவிட்டுப் பிறகு உருகும் ஒருவனை நாயகனாக்கினேன். முதல் மாதத்தில் என் நூல்களிலேயே அதிகம் வாசிக்கப்பட்டது அதுதான். ஆனால் அதை முடித்தவர்கள் என் அடுத்த நூலுக்கு வரவில்லை, ஏற்கெனவே என்னோடு இருந்த சிலரும் மௌனமாக விலகினார்கள். அவன் அறையும் அந்தக் காட்சியை ஒரு வாசகி தன் பதினேழு வயது மகளோடு சேர்ந்து வாசித்ததாகச் சொன்னபோது எனக்கு மனம் ஆறவில்லை. அந்த நூலை விலக்கிக்கொண்டேன்.

விற்பனைக்காக நான் செய்த எல்லாவற்றையும் விவரிக்கத் தேவையில்லை. சமூக ஊடக விளம்பரங்களுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. பயன் தந்தது வரிசை நூல்கள்தான். ஒரே அடுக்குமாடி புளோக்கில் வளர்ந்த மூன்று சகோதரிகளுக்கு ஆளுக்கொரு நாவல் எழுதினேன். செலக்ட் அனுமதிக்கும் ஐந்து இலவச நாள்களை மூத்தவளின் கதைக்கு மட்டும் செலவழித்து, அதன் கடைசிப் பக்கங்களில் இரண்டாமவளின் கதையின் முதல் அத்தியாயத்தைச் சேர்த்தேன். தொடர் வாசகிகளையும் கையோடு அழைத்துவர வேண்டும், ஏனென்றால் முதல் விமர்சனங்களை எழுதுபவர்கள் அவர்கள்தான். செலக்டில் சேர்த்ததும் தொடர் வந்த இணையப் பக்கத்தில் கதையின் பத்தில் ஒரு பங்குக்குமேல் இருக்கக்கூடாது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்து, எச்சரிக்கை மின்னஞ்சல் பெற்றேன். தேடுசொற்களுக்கான ஏழு இடங்களில் சிலவற்றைத் தமிழிலும் சிலவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலும் நிரப்புங்கள். நம் வாசகிகள் இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள். தலைப்பு இரண்டு சொற்களுக்குமேல் போனால் கட்டைவிரல் அளவுப் படத்தில் தமிழ் எழுத்து வெறும் கோடாகிவிடும்.

அச்சுக்கும் ஒருமுறை போனேன். கயலின் கதையை 300 படிகள் தமிழ்நாட்டில் அச்சடித்துக் கப்பலில் வரவழைத்தேன். சில படிகளில் ஒரே பதினாறு பக்கங்கள் இருமுறை தைக்கப்பட்டிருந்தன, அவற்றை விற்க மனம் வரவில்லை. தேசிய நூலக வாரியத்திடம் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைப் பெற்று, சட்டப்படி சேர வேண்டிய இரண்டு படிகளையும் கொடுத்தேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டி நடந்த ஒரு நிகழ்ச்சியில் மேசை போட்டபோது, பெரியவர் ஒருவர் புரட்டிப் பார்த்து, "காதல் கதைதானாம்மா?" என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற பெண், இரவுப்பணி முடித்து நேராக வந்த தாதி, இரண்டு படிகள் கேட்டார். ஒன்று தமக்கு, மற்றொன்று தம் வார்டில் மலாக்காவிலிருந்து வந்து வேலை செய்யும் தோழிக்கு. பெயர் எழுதிக் கையெழுத்திடச் சொன்னபோது என் கை நடுங்கியது. மின்னூலில் எத்தனை ஆயிரம் பக்கங்கள் வாசிக்கப்பட்டாலும் இந்த முகம் தெரிவதில்லை. பெட்டியில் இன்னும் 40 படிகளுக்குமேல் இருக்கின்றன, இருந்தும் அச்சிட்டதற்காக நான் வருந்தவில்லை.

திருட்டுப் பிடிஎஃப் பற்றிச் சுருக்கமாக: வெளியான மூன்றாம் நாளே வந்துவிடும். காப்புரிமைப் புகார் கொடுத்தால் நீக்குகிறார்கள், மறுவாரம் வேறு பெயரில் வருகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்கிவிட்டு மற்ற நாள்களில் அந்தப் பக்கமே போவதில்லை.

பத்தாவது நாவல் இப்போது தொடராக வந்துகொண்டிருக்கிறது. அந்த மூன்று சகோதரிகளின் அம்மா, ஐம்பத்தொன்று வயதில், கணவர் இறந்து ஆறாண்டுகளுக்குப் பிறகு, கீழ்த்தளக் கோப்பிக் கடையில் தினமும் எதிர்மேசையில் அமரும் ஒருவரோடு பேசத் தொடங்குகிறார். இந்த வயதில் காதலா என்று சிலர் விலகக்கூடும் என்று எண்ணினேன். நேற்றிரவு பதினான்காம் அத்தியாயத்தை ஏற்றினேன்; காலையில் எம்ஆர்டி ரயிலில் திறந்து பார்த்தபோது முதல் கேள்வி காத்திருந்தது: "அக்கா, மகள்களிடம் அவங்க எப்போ சொல்லப் போறாங்க?"