மூடிய காற்றை அளக்கும் ஆய்வகப் பெட்டி: வாங்கலாம், கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்

பள்ளி ஆய்வகங்களுக்கென்று வரும் இந்த வகை வாயு விதிப் பெட்டியில் முக்கியமானவை மூன்று: 20 மி.லி. சிரிஞ்ச், 250 கிலோபாஸ்கல் வரை அழுத்தம் அளக்கும் சென்சார், கே-லுசாக் விதிக்கான (பருமன் மாறாதபோது வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்பது) 100 மி.லி. உலோகக் குமிழ். சென்சார் நன்றாகவே இருக்கிறது. சிரிஞ்சின் பிஸ்டன் இறுக்கமாக நகர்ந்தாலும் கவலை இல்லை. அழுத்தத்தை நேரடியாகவே அளப்பதால் உராய்வு கணக்கில் வராது. எடைக்கல் அடுக்கும் பழைய கருவியில் அதுதான் பெரிய தலைவலி.

குறை கையேட்டில். சிரிஞ்சில் 20 என்று படித்தாலும், அடைபட்ட காற்று அவ்வளவு மட்டுமல்ல. இணைப்புக் குழாயிலும் சென்சாரின் வாயிலும் சுமார் 1 மி.லி. இருக்கிறது. வளிமண்டல அழுத்தமான 101.3 கிலோபாஸ்கலில் தொடங்கி 10 மி.லி.க்கு அழுத்தினால் 202.6 வர வேண்டும் என்கிறது கையேடு. வருவது 193 (101.3 × 21 ÷ 11). இதைப் பார்த்து, வெப்பநிலை மாறாதபோது பருமன் பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும் என்ற பாயில் விதியையே சந்தேகிக்கும் மாணவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கூடுதல் பருமனை ஊகிக்கத் தேவையில்லை. கிடை அச்சில் 1/P (P என்பது அழுத்தம்), செங்குத்து அச்சில் சிரிஞ்ச் அளவு என்று வரைந்து கோட்டை நீட்டுங்கள்; பூச்சியத்துக்குக் கீழே எங்கே வெட்டுகிறதோ, அதுதான் குழாய்க் காற்றின் பருமன். குழாயைக் குட்டையாக வெட்டினால் இது குறையும். மெல்லிய ரப்பர் குழாயை மாட்டாதீர்கள். அழுத்தத்தில் அது உப்பிவிடும், திருத்தமும் பலிக்காது.

8 மி.லி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 7-க்குப் போனால் 265-ஐத் தாண்டும், சென்சாரின் எல்லை முடிந்துவிடும்.

வேகமாக அழுத்தினால் காற்று சூடாகி, அழுத்தம் ஒரு கணம் கூடுதலாகக் காட்டும். பிஸ்டனை அசையாமல் பிடித்து, எண் இறங்கி நின்ற பிறகே குறியுங்கள். இறங்கிக்கொண்டே போனால் அது சூடு தணிவதல்ல, கசிவு. உறுதி செய்ய மறுபடி 20-க்கு இழுத்துப் பாருங்கள்: 101.3-க்குத் திரும்பாமல் குறைவாக நின்றால் காற்று வெளியேறியிருக்கிறது. செருகும் முனையைவிடத் திருகிப் பூட்டும் முனையுள்ள சிரிஞ்சே இந்த வேலைக்குச் சரி.

உலோகக் குமிழில் வேறு தொல்லை, ஈரம். 25 டிகிரி செல்சியஸில் உலர்ந்த காற்றை 101.3-ல் மூடினால், பனிக்கட்டி நீரில் 92.8, 80 டிகிரி வெந்நீரில் 120 வர வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கியிருந்தால் 80 டிகிரியில் 160-ஐத் தாண்டிவிடும். அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தமே 47 கிலோபாஸ்கல். கழுவிய குமிழை நன்றாகச் சூடாக்கி, உள்ளே உலர்ந்த காற்றை ஊதி, ஆறிய பிறகு மூடுங்கள். கழுத்துவரை நீரில் முழுக்கி, நீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். வெளியே நீட்டியிருக்கும் குழாயில் உள்ள காற்று சூடாவதில்லை, அதனால் சூட்டில் அழுத்தம் சற்றுக் குறைவாகவே காட்டும். இதைக் கையேடு சொல்லியிருக்க வேண்டும்.

சென்சாருக்குப் பதில் முள் அழுத்தமானி வரும் பெட்டியும் உண்டு. அது திறந்த காற்றில் பூச்சியம் காட்டும். ஒவ்வோர் அளவோடும் அன்றைய வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டாமல் விகிதம் போட்டால் இரண்டு விதிகளுமே பொய்க்கும். கூடுதல் செலவானாலும் தனி அழுத்தம் (வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொண்டது) காட்டும் சென்சார் உள்ளதையே எடுங்கள்.