கொப்ரிவ்ஷ்டிட்சா ஒருநாள் சுற்றுலா: பாலத்துக்குக் கிடைத்த நேரம் அச்சுப்பொறிக்குக் கிடைக்கவில்லை

சோஃபியாவிலிருந்து காலையில் கிளம்பி, பல்கேரியாவின் மலை ஊரான கொப்ரிவ்ஷ்டிட்சாவைக் காட்டிவிட்டு மாலைக்குள் திருப்பி அழைத்துவரும் சுற்றுலாச் சேவைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், எழுத்தாளரும் விடுதலைப் போராளியுமான லியூபென் கராவெலொவின் வாழ்க்கையை அறிந்துகொள்ளும் பயணம் என்று அதன் விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்ததுதான். வண்டி சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர், மதிய உணவும் பரவாயில்லை. குறை முழுவதும், விளம்பரத்தில் பெயர் போட்ட மனிதரை அன்றைய நிகழ்ச்சி நிரலில் எங்கே வைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, தொபொல்னிட்சா ஆற்றங்கரையில் அமைந்த அந்த ஊர், 1876ஆம் ஆண்டு ஏப்ரலில் உதுமானிய ஆட்சிக்கு எதிராக வெடித்த எழுச்சியால் பெயர் பெற்றது. முதல் குண்டு சுடப்பட்ட கல்பாலத்தின் மேல் எங்கள் வழிகாட்டி நெடுநேரம் நின்று, யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பதைக் கைகளை நீட்டி நீட்டி விளக்கினார். அதை நன்றாகவே செய்தார் என்று சொல்ல வேண்டும். பிறகு வண்ணம் பூசிய வணிகர் மாளிகைகள், படம் எடுத்துக்கொள்ள இடைவேளை, உணவு. கராவெலொவின் வீட்டை அடைந்தபோது பிற்பகல் பாதி கழிந்திருந்தது. வண்டி புறப்படும் நேரத்தை வாசலிலேயே அறிவித்துவிட்டுத்தான் எங்களை உள்ளே விட்டார்.

நினைவு இல்லமாகப் பேணப்படும் அந்த இடம் அவசரத்துக்கு உரியதன்று. ஒரே வளாகத்துக்குள் குளிர்காலத்துக்கு ஒரு வீடு, கோடைக்கு ஒரு வீடு, பண்ணை வேலைக்கென்று தனியாக ஒரு கட்டடம் என மூன்று கட்டடங்கள் நிற்கின்றன. கால்நடை வணிகம் செய்த தந்தையின் செல்வ நிலையை அவையே காட்டிவிடுகின்றன. சுமார் 1834இல் இங்கே பிறந்த மகனுக்கு அந்த வணிகம் ஒட்டவில்லை. 1857இல் மாஸ்கோ சென்று பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டவர், 1861இல் பல்கேரிய நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்து அங்கேயே நூலாக வெளியிட்டார். தம் ஊரின் இரண்டு கிழவர்களை எள்ளலும் பாசமும் கலந்து வரைந்த ‘பழங்காலப் பல்கேரியர்கள்’ என்ற குறுநாவலையும் முதலில் ரஷ்ய மொழியில்தான் எழுதினார். அதைப் படித்துவிட்டு இந்த முற்றத்தில் நிற்பவருக்கு, அக்கிழவர்களில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஏச வருவார் என்றே தோன்றும். வழிகாட்டியின் உரையில் அந்த நூலின் பெயர்கூட வரவில்லை.

இங்கே தவறவிடக் கூடாத பொருள், கராவெலொவ் தம் செய்தித்தாள்களை அச்சிட்ட அச்சுப்பொறி. 1867இல் பெல்கிரேடுக்கு வந்து செர்பிய மொழியிலும் கதை எழுதிய அவர், மறு ஆண்டு செர்பிய இளவரசர் மிஹைலோ கொல்லப்பட்டபோது சந்தேகத்தின் பேரில் கைது செய்யப்பட்டு, ஹங்கேரியச் சிறையில் பல மாதங்கள் கிடந்தார். விடுதலையானதும் புகாரெஸ்டில் குடியேறி, ‘விடுதலை’ என்று பொருள்படும் ஸ்வொபொடா என்ற தாளை 1869இல் தொடங்கினார். அது நின்றபின் 1873இல் நெஸவிசிமொஸ்ட் என்ற தாள் வந்தது. அங்கே இயங்கிய பல்கேரியப் புரட்சி மத்தியக் குழுவின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நாட்டுக்குள் ஊர் ஊராகச் சென்று இரகசியக் குழுக்களை அமைத்தவர் வசில் லெவ்ஸ்கி. எல்லைக்கு வெளியே இருந்து அவற்றுக்குக் குரல் கொடுத்தவை இந்தத் தாள்கள். அப்படிப்பட்ட கருவியின் முன்னால் எங்கள் குழு நின்ற நேரம் ஒரு நிமிடம்கூட இராது. “இதில்தான் பத்திரிகை அச்சிட்டார், அடுத்த அறைக்கு வாருங்கள்” என்பதோடு அது முடிந்தது.

நேரக் குறைவைவிட என்னை உறுத்தியது, சொல்லப்பட்ட கதை 1873இல் அறுந்துபோனதுதான். அந்த ஆண்டு பிப்ரவரியில் லெவ்ஸ்கி சோஃபியாவில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் கராவெலொவ் கலங்கிப்போனார். ஆயுதப் போராட்டத்தைவிடக் கல்வியே முதலில் வேண்டும் என்ற பக்கம் மெல்ல நகர்ந்து, 1875இல் ‘அறிவு’ என்று பொருள்படும் ஸ்னானியே இதழைத் தொடங்கினார். அவருடைய தாள்களிலேயே எழுதிவந்த இளங்கவிஞர் ஹிரிஸ்டோ போடெவ் இதைப் பொறுக்காமல் பிரிந்து தனித் தாள் நடத்தினார். 1876இல் படை திரட்டிச் சென்று, சண்டையில் உயிரையும் விட்டார். ஆக, சொந்த ஊரின் பாலத்தில் அந்த முதல் குண்டு வெடித்தபோது அவ்வூரின் புகழ்பெற்ற புரட்சியாளர் புரட்சிக் குழுவை விட்டு ஒதுங்கியிருந்தார். காலையில் பாலத்தையும் மாலையில் இந்த வீட்டையும் காட்டும் ஒரு சேவை, இரண்டுக்கும் நடுவிலுள்ள இந்த முரணைச் சொல்லாமல் விட்டால் பயணத்தின் பாதி வீண் என்பது என் கருத்து. ஒருவேளை, பின்வாங்கிய போராளியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க முடியாது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

பல்கேரியா விடுதலை பெற்றபின் நாடு திரும்பிய கராவெலொவ், காசநோயால் 1879 ஜனவரியில் ருசே நகரில் இறந்தார். அடுத்த மாதம் தர்னொவொவில் கூடிய அரசமைப்புப் பேரவையில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அவருடைய தம்பி பெட்கோ கராவெலொவ். பின்னாளில் அவர் பிரதமரும் ஆனார். தம்பியைப் பற்றித் திரும்பும் வழியில் நான் கேட்டபோதுதான் வழிகாட்டி வாய் திறந்தார். கேட்டால் சொல்லத் தெரிந்தவர்தான்.

ஊரின் அழகை மட்டும் பார்த்து, நடை அதிகம் இல்லாமல் திரும்ப விரும்புகிறவர்களுக்கும், முதியவர்களோடு செல்கிறவர்களுக்கும் இந்தச் சேவை பொருந்தும். கராவெலொவுக்காகச் செல்கிறவர்கள் சோஃபியா–கார்லொவொ தடத்தில் ரயிலில் செல்வது மேல். நிலையம் ஊரிலிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், ஊருக்குள் செல்லும் சிற்றுந்து ரயில் நேரத்துக்கு உண்டா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஊரிலுள்ள நினைவு இல்லங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே நுழைவுச் சீட்டு வாங்கலாம். எல்லா இல்லங்களுக்கும் ஒரே நாளில் விடுமுறை இல்லை. சில திங்களன்றும் சில செவ்வாயன்றும் மூடப்படுவதால், அவ்விரு நாட்களையும் தவிர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.