கூண்டை அளப்பதா, கோழியைப் பார்ப்பதா?

முட்டைக்கோழிப் பண்ணையில் கோழிகளின் நலனை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டை அளப்பது. மற்றொன்று, கோழியைக் கையில் எடுத்துப் பார்ப்பது.

அளப்பது சுலபம், யார் அளந்தாலும் ஒரே விடை. 15க்கு 12 அங்குலக் கூண்டில் 3 கோழி என்றால் தலைக்கு 387 சதுர செ.மீ., ஏ4 தாள் அளவுகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் சாதாரணக் கூண்டை ஒழித்து, முட்டையிட மறைவிடமும் அமரக் கம்பும் உள்ள கூண்டில் தலைக்கு 750 சதுர செ.மீ. என்று வைத்ததும் இந்த வழியில்தான். சட்டம் போட இது போதும். ஆனால் தாராளமான ஷெட்டிலும் கோழிகள் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கலாம். அது டேப்பில் தெரியாது.

கோழியின் உடம்பில் தெரியும். கழுத்தின் அடிப்பக்கம் மட்டும் இறகு தேய்ந்திருந்தால், பெரும்பாலும் தீவனத் தொட்டி விளிம்பில் உரசியது. முதுகும் வாலடியும் மொட்டையானால் கொத்தல். அடுத்து மார்பெலும்பு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலிருந்து கீழே தடவினால் வளைவும், முறிந்து கூடிய முடிச்சும் தட்டுப்படும். எலும்பு முறிந்த கோழியும் முட்டையிடும். அதனால் முட்டைக் கணக்கை நம்பி இதை விட்டுவிடக் கூடாது.

இந்த வழி சறுக்குவது கோழிகளைத் தேர்ந்தெடுப்பதில். கைக்கு எட்டும் நடு அடுக்கோடு நிறுத்தாமல் மேல், கீழ், ஓரம் எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். ஆழ்கூள ஷெட்டில், அதாவது கூண்டில்லாமல் தரையில் கூளம் பரப்பி வளர்க்கும் இடத்தில், துரத்திப் பிடித்தால் நோஞ்சான்தான் சிக்கும். தட்டி வைத்து ஒரு கூட்டத்தை மடக்கிப் பிடிக்கவும். 30 வாரப் பேட்சை 65 வாரப் பேட்சோடு ஒப்பிடவே கூடாது. வயதானால் இறகு தேயும். நாமக்கல் பக்கத்து உயரமான, பக்கம் திறந்த ஷெட்டுகளில் வெயில்தான் பெரிய சோதனை. பிற்பகலில் போய், வாய் திறந்து இரைக்கும் கோழிகளை எண்ணுங்கள்.

சாவுக் கணக்கை மட்டும் பார்த்தால் பல நேரம் கூண்டே தேவலை என்று தோன்றும். ஆழ்கூளத்தில் கொத்தல், குடற்புழு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாவது எல்லாம் உண்டு. ஆனால் இவற்றைப் பராமரிப்பால் குறைக்க முடியும். வெறும் கம்பிக்கூண்டில் எலும்பு வலுவிழப்பதையும், முட்டையிட இடம் தேடித் தவிப்பதையும் எந்தப் பராமரிப்பும் தீர்க்காது. காலையில் முட்டையிடும் நேரத்தில் அரை மணி நேரம் கூண்டு வரிசை முன் அசையாமல் நின்றால் அந்தத் தவிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம்.