பத்து வாரமும் ஃபோர்த் மட்டும்: ஒரு ஆன்லைன் ஜாஸ் பியானோ வகுப்பு பற்றி

ஜாஸ் பியானோவில் சோலோ வாசிக்கும்போது ஃபோர்த் இடைவெளிகளை, அதாவது ச-ம தூரத்தில் இருக்கும் நோட்டுகளை, எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டுமே சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றைப் போன மாதம் முடித்தேன். பத்து வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் நேரடி வகுப்பு, வீட்டில் பார்க்க இரண்டு மூன்று வீடியோ, நோட்டேஷன் தாள்கள், கூடவே வாசிக்கப் பேக்கிங் டிராக்குகள். கட்டணம் மொத்தம் 14,000 ரூபாய். நடத்துபவர் தனி ஆள், ஒரு நேரத்தில் ஆறு பேரைத்தான் சேர்க்கிறார், தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் இடம் கிடைக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. ஆனால் இந்த மாதிரி வகுப்பு வேறு எங்கே கிடைத்தாலும், எதைப் பார்த்துச் சேர வேண்டும், எதைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும் என்பதை இதை வைத்துச் சொல்லலாம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், நான் கற்றது எல்லாம் தேர்ட் அடுக்கு. சி-ஈ-ஜி-பி என்று ஒன்று விட்டு ஒன்று அடுக்கிக் கார்ட் போடுவது, சோலோ வந்தால் அதே நோட்டுகளை மேலும் கீழும் பிரித்து வாசிப்பது. கார்ட் அடிக்கடி மாறுகிற பாட்டில் இது ஓடிவிடும். ஒரே ஸ்கேலில் நெடுநேரம் நிற்கிற மோடல் பாட்டில் ஓடாது. மைல்ஸ் டேவிஸின் 1959 பதிவான 'ஸோ வாட்' 32 பார் (நான்கு தட்டுச் சுற்று) கொண்டது, அதில் முதல் 16 பாரும் டி டோரியன் என்ற ஒரே ஸ்கேல்தான். இரண்டாவது பாரிலேயே என்னிடம் இருந்தது தீர்ந்துவிடும், மீதிப் பதினான்கு பாருக்கு அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதே பதிவில் பியானோ வாசிக்கும் பில் எவன்ஸ் பாஸுக்குப் பதில் சொல்வது போல வைக்கும் அந்த இரண்டு கார்டைக் கவனித்தால், கீழிருந்து ஈ-ஏ-டி-ஜி, அதன் மேல் பி. மூன்று ஃபோர்த், உச்சியில் ஒரே ஒரு மேஜர் தேர்ட். பிறகு அந்த முழு வடிவமும் ஒரு படி கீழே இறங்கி டி-ஜி-சி-எஃப்-ஏ ஆகிறது. மேஜரா மைனரா என்று உடனே சொல்லிவிடாமல் அந்தரத்தில் நிற்கிற ஒலி. அந்த ஒலி விரலுக்கு வர வேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

முதல் வாரம் அடிப்படை. ஃபோர்த் என்றால் ஐந்து செமிடோன் (அடுத்தடுத்த கட்டைக்கு இடையிலான அரை ஸ்வரம்) தூரம், நம் கணக்கில் ச-விலிருந்து சுத்த மத்யமம். டி டோரியன் என்பது டி-யைச் சட்ஜமாக வைத்த வெள்ளைக் கட்டைகள் மட்டும், அதாவது கரகரப்பிரியா. அந்த ஏழு கட்டையிலும் மும்மூன்றாக ஃபோர்த் அடுக்கச் சொன்னார். டி-ஜி-சி, ஈ-ஏ-டி, எஃப்-பி-ஈ, ஜி-சி-எஃப், ஏ-டி-ஜி, பி-ஈ-ஏ, சி-எஃப்-பி. ஐந்து அடுக்கு ஒரே மாதிரி திறந்து ஒலிக்கும், எஃப்-உம் பி-யும் அடுத்தடுத்து வருகிற இரண்டில் மட்டும் ஆறு செமிடோன் தூரமான ட்ரைடோன் புகுந்து உறுத்தும். எஃப்-பி-ஈ வரும்போதெல்லாம் என் கை தானாகத் தயங்கியது, தப்பாக வைத்துவிட்டோமோ என்று. அதை விட்டுவிடாதீர்கள், எட்டாவது வாரத்தில் வேண்டும் என்றார்.

இந்த வகுப்பில் மிகச் சிறந்தது மூன்றாவது வாரம்தான். ஒரே ஒரு பயிற்சி. வலது கையில் டி-ஜி-சி-யை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும், நகர்த்தக் கூடாது. இடது கை கீழே ஒவ்வொரு பாஸ் நோட்டாக மாற்றிப் போக வேண்டும். கீழே டி வைத்தால் அது டி மைனர் லெவன் கார்ட் போல ஒலிக்கிறது. ஜி வைத்தால் சஸ் ஃபோர். பி ஃபிளாட் வைத்ததும் சட்டென்று வெளிச்சம் வந்தது போல மேஜர் சிக்ஸ் நைன் கார்ட் ஆகிவிடுகிறது. ஏ ஃபிளாட் வைத்தபோதுதான் அசந்துபோனேன். பாஸிலிருந்து எண்ணினால் அதே டி இப்போது ஷார்ப் லெவன், ஜி மேஜர் செவன், சி தேர்ட், முழு லிடியன் நிறம், நமக்குக் கல்யாணி. வலது கையில் ஒரு விரல்கூட அசையவில்லை. பன்னிரண்டு பாஸும் போய் வர ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது மொத்தமாகப் பத்து வாக்கியம் இருக்கும். ஒவ்வொரு பாஸுக்கும் நிறுத்தி, என்ன கேட்கிறது என்று எங்களிடம்தான் கேட்டார். புத்தகத்தில் ஃபோர்த் கார்ட் பிடிகொடுக்காது, எதோடும் பொருந்தும் என்று வாசித்திருக்கிறேன். காது அதை நம்பியது அன்றைக்குத்தான்.

அடுத்த இரண்டு வாரம் சோலோ வரிகள். இங்கே இன்னொரு நல்ல விஷயம் சொன்னார். டி மைனர் பென்டடானிக், நமக்குச் சுத்த தன்யாசி, அதன் ஐந்து நோட்டையும் ஏ-டி-ஜி-சி-எஃப் என்று மாற்றி வைத்தால் அது ஒரே ஃபோர்த் அடுக்கு. அதாவது பென்டடானிக்கும் ஃபோர்த்தும் வேறு வேறு பாடம் இல்லை. அப்புறம் மூன்று நோட்டு ஏற்றம், மூன்று நோட்டு இறக்கம். டி-ஜி-சி ஏறு, பக்கத்துக் கட்டையான டி-யைப் பிடித்து டி-ஏ-ஈ இறங்கு, பக்கத்தில் எஃப், எஃப்-பி-ஈ ஏறு, மறுபடி எஃப்-சி-ஜி இறங்கு. குழுவுக்குள் பெரிய தாவல், குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் ஒரே ஒரு படி. கட்டைவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல் என்று ஏறினால் இறங்கும்போது சுண்டுவிரலையே ஒரு கட்டை நகர்த்தித் தொடங்க வேண்டும், அந்த இடத்தில்தான் மணிக்கட்டு இறுகுகிறது. கேமராவைக் கைக்கு மேலே வைத்து அதை மெதுவாகக் காட்டினார், ஒவ்வொருவர் கையையும் தனித்தனியாகப் பார்த்துத் திருத்தினார். ஆறு பேருக்கு மேல் சேர்க்காததன் மதிப்பு அங்கே தெரிந்தது.

இப்போது குறை. நோட்டு பற்றி இவ்வளவு கவனமாகச் சொன்னவர் தாளத்தை அப்படியே விட்டுவிட்டார். மூன்று நோட்டுக் குழுவைத் தட்டுக்கு இரண்டு நோட்டு வரும் எய்ட்த் நோட்டாக 4/4-இல் ஓடவிட்டால் அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும், மூன்று பார் கழித்துத்தான் மறுபடி ஒன்றில், அதாவது பாரின் முதல் தட்டில், வந்து சேரும். கணக்கு போட்டுப் பாருங்கள், பாருக்கு எட்டு, மூன்று பாருக்கு இருபத்து நான்கு. தாளம் பழகின காதுக்கு இது எவ்வளவு பெரிய விருந்து! பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் ஃபோர்த்துகள் முன்னே தள்ளிக்கொண்டு போவதற்குப் பாதிக் காரணம் இந்த அழுத்தங்கள்தான் என்று நினைக்கிறேன். ஜான் கோல்ட்ரேன் குவார்டெட்டில் 1960 முதல் 1965 வரை அவருக்குப் பின்னால் பெரும்பாலும் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் இருந்தது. 1967-இல் டைனர் தன் பெயரில் பதிவு செய்த 'பேஷன் டான்ஸ்' பாட்டிலும் அதே எல்வின் ஜோன்ஸ். இடது கையால் அடியில் ஒரு ஃபிஃப்த்தை (ச-ப ஜோடி) இடி மாதிரி இறக்கிவிட்டு, உடனே நடுவில் ஃபோர்த் கார்டுகளை எங்கே எங்கே வைக்கிறார் என்று கேளுங்கள். எந்த நோட்டு என்பதைவிட எந்த இடம் என்பதுதான் அங்கே கேட்கிறது. வகுப்பிலும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள், நோட்டை எழுதிக் கொடுத்தார்கள், இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் கேட்டதற்கு, கேட்கக் கேட்க வந்துவிடும் என்று பதில் வந்தது. அது போதாது. காசு கொடுத்து வருபவருக்கு அதைப் பிரித்துக் காட்டத்தான் ஆசிரியர்.

பேக்கிங் டிராக்குகளும் அப்படித்தான். எல்லாம் ஒரே வேகம், ஒரே கார்டில் சுற்றிக்கொண்டே இருப்பவை. டி டோரியனிலிருந்து எட்டு பாருக்கு ஈ ஃபிளாட் டோரியன் போய்த் திரும்புகிற டிராக் ஒன்றுகூடக் கிடையாது, கடைசியில் நானே ஒரு ஆப்பில் செய்துகொண்டேன். ஒரு தாளில் டி டோரியன் என்று தலைப்பு போட்டுவிட்டு அடுக்கில் பி ஃபிளாட் அச்சாகியிருந்தது, இரண்டு நாள் என் காதைச் சந்தேகப்பட்டேன். சொன்னதும் மாற்றி அனுப்பினார். ஒரு செமிடோன் தள்ளி ஈ ஃபிளாட்-ஏ ஃபிளாட்-டி ஃபிளாட் என்று வெளியே போய்த் திரும்பும் சைட் ஸ்லிப் பாடத்தை ஒரே வகுப்பில் முடித்ததும் அவசரம். வெளியே போவது யாருக்கும் வரும், எந்தத் தட்டில் உள்ளே வந்து இறங்குவது என்பதுதான் வித்தை, மறுபடியும் தாளக் கணக்கு.

எட்டாவது வாரம் அவர் சொன்ன எஃப்-பி-ஈ வந்தது. சி மேஜரில் டூ-ஃபைவ்-ஒன், அதாவது ஸ்கேலின் இரண்டாவது, ஐந்தாவது, முதல் கார்டுகள் வரிசையாக. டி மைனருக்கு ஜி-சி-எஃப், ஜி செவனுக்கு எஃப்-பி-ஈ, சி-க்கு ஈ-ஏ-டி. கை வடிவம் ஏறக்குறைய அதேதான், ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வெள்ளைக் கட்டை கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். நடுவில் உறுத்திக்கொண்டிருந்த அந்த அடுக்கு ஜி செவனின் தேர்டும் செவன்த்தும் தேர்ட்டீன்த்தும் ஆகிவிடுகிறது, அந்த உறுத்தல் இருப்பதால்தான் ஈ-ஏ-டி-யில் வந்து சேரும்போது வீடு வந்த மாதிரி இருக்கிறது. ஏழு வாரமாக நான் தயங்கின அதே கட்டைகள். அன்றைக்கு இரவு பத்து மணிக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன் பன்னிரண்டு கீயிலும் அதை வாசித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சேரலாமா என்றால், செவன்த் கார்டுகளும் டூ-ஃபைவ்-ஒன்னும் எல்லாக் கீயிலும் ஓரளவு கைக்கு வந்தவர்கள் தாராளமாகச் சேரலாம். பியானோ இப்போதுதான் தொடங்குகிறவர்கள் வேண்டாம், எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரியாமல் இந்த ஒலியைப் பிடித்தால் எல்லாப் பாட்டும் ஒரே மூட்டமாகிவிடும். 61 கட்டைக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அடியில் ஃபிஃப்த் வைக்கும் பாடங்களுக்கு அது போதவில்லை, எங்கள் குழுவில் ஒருவர் பாதியில் 88 கட்டை வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த குழுவுக்குத் தாளத்துக்கென்று இரண்டு வாரம் சேருங்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். சேர்த்தால் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் நானும் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மெட்ரோனோமை 90-இல் வைத்து, இரண்டிலும் நான்கிலும் மட்டும் தட்டவிட்டு, டி-ஜி-சி, டி-ஏ-ஈ. மூன்றாவது பார் முடிந்து ஒன்றில் சரியாக வந்து விழுவது இப்போது பத்துக்கு ஏழு முறை நடக்கிறது.