சொந்த டொமைனில் மெயில்: 7 வருடம், 3 பெட்டி, 9 முகவரி

எங்கள் சிவகாசி அச்சகத்துக்கு 2018-இல் டொமைன், அதாவது இணையத்தில் நமக்கென்று ஒரு பெயர், வாங்கினோம். அதுவரை பில் புத்தகத்தில் அச்சடித்தது, பெயருக்குப் பின்னால் நாலு எண் ஒட்டிய ஒரு ஜிமெயில்தான்.

டொமைன் கைக்கு வந்த வேகத்தில் ஆர்டர், டிசைன், அக்கவுண்ட்ஸ், இன்ஃபோ என்று 8 மெயில்பாக்ஸ் திறந்தேன். முகவரிக்கு ஒரு பெட்டி வேண்டும் என்பது என் நினைப்பு. கட்டணமோ பெட்டிக்கணக்கு. இன்ஃபோ பெட்டியை யாரும் எட்டிப் பார்க்காததால், அதற்கு வந்த ஒரு காலண்டர் ஆர்டரைப் பொங்கல் முடிந்துதான் பார்த்தோம். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, ஆள் ஒருவர்தானே? அதேபோல ஒரு பெட்டிக்குப் பல முகவரி வைக்கலாம். அதற்கு ஏலியாஸ் என்று பெயர். இப்போது பெட்டி 3, முகவரி 9.

எந்தப் பெயருக்கு வந்தாலும் ஒரே பெட்டியில் விழும் கேட்ச்-ஆல் வசதியையும் போட்டுப் பார்த்தேன். சில வாரத்திலேயே குப்பை தாங்காமல் எடுத்துவிட்டேன்.

கணக்கு பார்க்கும் அக்காவின் கணினியில் பாப் முறையில் அமைத்திருந்தோம். 'சர்வரில் நகல் வை' என்ற டிக்கைக் கவனிக்கவில்லை. காலையில் அவர் கணினியைப் போட்டதும் மெயில் முழுக்க அங்கே இறங்கிவிடும். என் போனில் பெட்டி காலி. அந்த ஹார்டு டிஸ்க் போனபோது இரண்டு வருட மெயிலும் சேர்ந்து போனது. அன்றிலிருந்து ஐமேப் முறைதான்; அமைக்கும்போது கேட்கும் போர்ட் எண் 993. மெயில் சர்வரிலேயே இருக்கும், எங்கிருந்தும் ஒரே மாதிரி தெரியும்.

டிசைன் கோப்பு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று: 25 எம்பி வரம்பு என்றால் 25 எம்பி கோப்பு போகாது. மெயிலில் ஏற்றும்போது இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 18 எம்பி தாண்டினால் நான் லிங்க்தான் அனுப்புவது.

அதிகம் படுத்தியது ஸ்பேம். "கொட்டேஷன் வரலையே சார்" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் அவர்கள் ஸ்பேமில் கிடக்கும். மெயில் சர்வர் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றியபோது, வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினேன், வந்தது சரியாக வந்தது. ஆனால் எம்எக்ஸ் உள்ளே வருவதற்கு மட்டும்தான். நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்வது எஸ்பிஎஃப். பழைய எஸ்பிஎஃப் வரியை அப்படியே விட்டுப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று சேர்த்திருக்கிறேன். ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக்கி, மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் கையொப்பம் போன்ற டிகிம்மையும் போட்ட பிறகே கொட்டேஷன்கள் இன்பாக்ஸ் சேர்ந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது கட்டாயம்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். டொமைன் வாங்கிய கணக்குக்கு லாகினாக அதே டொமைனின் முகவரியையே கொடுத்திருந்தேன். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்து டொமைன் நின்றுபோனது. உள்ளே போக ஓடிபி கேட்டது. அது போக வேண்டிய பெட்டியும் டொமைனோடு நின்றிருந்தது. அடையாளச் சான்று அனுப்பி மீட்க நாலு நாள் ஆனது. இப்போது அந்தக் கணக்கின் லாகின், நாலு எண் ஒட்டிய பழைய ஜிமெயில்தான். இரண்டு வருடம் தொடாவிட்டால் கூகுள் அதையும் நீக்கிவிடலாம் என்பதால் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.