யூத் ஹாஸ்டல் டார்மிட்டரி: வாடகையைவிடச் சமையலறையே லாபம்

தனியாக, கையைக் கடிக்காமல் ஊர் சுற்ற விரும்புவோருக்கு யூத் ஹாஸ்டல் (இளைஞர் விடுதி) டார்மிட்டரியை, அதாவது பலர் ஒரே அறையில் ஆளுக்கொரு கட்டிலில் தங்கும் கூடத்தை, தயங்காமல் பரிந்துரைப்பேன். 1909-ஆம் ஆண்டு மாணவர்களுடன் நடைப்பயணம் சென்ற ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர், இடிமழைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கிய இரவில், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகளை நடந்து வரும் பிள்ளைகள் தங்கத் தரலாமே என்று எண்ணியதில் பிறந்த ஏற்பாடு இது. 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி அமைந்தது. பெயரில்தான் இளைஞர், தலை நரைத்தவர்களையும் இன்று பல விடுதிகள் ஏற்றுக்கொள்கின்றன.

வாடகை அறைக்கு அல்ல, கட்டிலுக்கு என்பதால்தான் செலவு குறைகிறது. ஆகவே மூன்று நான்கு பேராகச் செல்வோர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வேறிடத்தில் தனியறையே மலிவாக முடியலாம்.

ஆனால் என் பார்வையில் உண்மையான சேமிப்பு பொதுச் சமையலறையில்தான் இருக்கிறது, ஏனெனில் நீண்ட பயணத்தில் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுவதே. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் விட்டுச்செல்லும் உப்பு, பாதி எண்ணெய், கிளிப் போட்டு மூடிய மாவுப் பொட்டலம் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஓர் அலமாரியில் வைத்திருப்பார்கள்; குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பொருளின் மீது பெயரையும் கிளம்பும் தேதியையும் எழுதி ஒட்டினால் பொதுவாக யாரும் அதைத் தொடுவதில்லை. அடுப்பு காலியாகும்வரை காத்திருக்கும் நேரத்தில், எந்தப் பேருந்து மலிவு, எந்த அருங்காட்சியகத்தில் என்றைக்கு நுழைவு இலவசம் என்பதெல்லாம் பக்கத்தில் வெங்காயம் நறுக்குபவரிடமிருந்தே தெரிந்துவிடும். (நன்றாக வெட்டும் கத்தியை மட்டும் எந்த விடுதியிலும் நான் கண்டதில்லை.)

குறைகளும் உண்டு. குறட்டையையும், விடியற்காலையில் கிளம்புகிறவரின் பிளாஸ்டிக் பை சரசரப்பையும் பொறுக்க முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது. நான் தங்கிய ஒரு விடுதியில் எட்டுக் கட்டில்களுக்கு ஒரே பிளக் பாயின்ட்தான் இருந்தது. லாக்கர் இருந்தாலும் பூட்டு பெரும்பாலும் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். காதடைப்பானும் கையில் இருக்கட்டும். கீழ்க் கட்டில் கிடைத்தால், மேல் கட்டிலின் விளிம்பில் துண்டைத் தொங்கவிட்டு ஓரளவு மறைவு ஏற்படுத்திக்கொள்ளலாம்.

இரவில் சமையலறையைப் பூட்டிவிடும் விடுதிகள் இருப்பதால், தாமதமாக வந்து சேர்பவர்கள் அந்த நேரத்தைக் கேட்டறிந்த பிறகே பதிவு செய்வது நல்லது.