ஜென்டாமைசின் பூசிய ராடு: காலில் வைத்து 16 மாதம்

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த கேஸ் என்னுடையது. முதலில் வைத்தது சாதாரண ராடு, அதாவது எலும்புக்குள் செருகும் உலோகக் கம்பி. மூன்றாவது வாரம் கணுக்கால் பக்கம் ஸ்க்ரூ போட்ட இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை விழுந்து, காலையில் கட்டைப் பிரித்தால் பஞ்சு மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் ராடை எடுத்து, எலும்புக்குள் சுரண்டிக் கழுவி, மருந்து கலந்த சிமென்ட் கம்பி வைத்து, ஆறு வாரம் நரம்பில் ஊசி. அதெல்லாம் முடிந்து வைத்ததுதான் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து பூசிய இந்த ராடு.

உலோகத்துக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதன்மேல் உட்கார்ந்து பிசின் மாதிரி படலம் கட்டிவிட்டால் ஊசி மருந்தும் அதை முழுசாக அழிக்காது, பல நேரம் ராடையே கழற்ற வேண்டிவரும். ஆகவே கிருமி உட்காரும் முன்பே மருந்து அங்கே இருக்க வேண்டும். இதில் பாலிலாக்டைடு என்ற, உடம்பிலேயே கரையும் பொருளில் ஜென்டாமைசினைக் கலந்து மெல்லிசாகப் பூசியிருக்கிறார்கள். உள்ளே போன முதல் ஓரிரு நாளிலேயே மருந்தில் பெரும்பகுதி வெளியே வந்து எலும்பைச் சுற்றி நிற்கிறது. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் இந்த மருந்து கிட்னியையும் காதையும் கெடுத்துவிடுமோ என்ற பயம் எனக்குக் குறைந்தது. யோசனை பழசுதான்: ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ட்ஸ் என்ற சர்ஜன் எலும்பு சிமென்ட்டில் இதே மருந்தைக் கலந்ததைப் பற்றி 1970-லேயே எழுதிவிட்டார். பூசிய ராடு ஐரோப்பாவில் அனுமதி பெற்றது 2005-ல்.

குறை என்றால், மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து வேறெங்கோ இருக்கும் புண்ணிலிருந்து ரத்தம் வழியாகக் கிருமி வந்தால் இது காப்பாற்றாது. ஜென்டாமைசினுக்கு மசியாத கிருமியிடமும் பலிக்காது; என் சீழில் இருந்த கிருமி எந்த மருந்துக்கு மசியும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகே டாக்டர் சரி என்றார். இந்த வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சீழ் திரும்ப வராததற்கு ராடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்தச் சுரண்டலும் ஊசியும் செய்த வேலை பெரிது. ஆனாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று முதல் ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் போகவில்லை. தோல் கிழிந்த முறிவு என்றால் உங்கள் வீட்டில் ஒருவர் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே கேட்டுவிடட்டும். அந்த ஓட்டை இருந்த இடத்தில் எனக்கு இப்போது தழும்புதான், அழுத்திப் பார்த்தாலும் ஈரம் இல்லை.